உறங்கிய அரிமாவும் அண்ணாந்த தெருவும்

கீழ்வானில் எழுந்த இளங்கதிர் மாளிகைகளின் முகடுகளில் பொன்பூசி, மெல்ல மெல்லக் கடைக்கதவுகளை நோக்கி இறங்கிக்கொண்டிருந்த காலைப்பொழுதில், அந்நகரின் பெருங்கடைத்தெரு, வண்டிகளின் ஓசையும் விலைகூறுவோர் குரலும் சுமைதூக்குவோர் விரைவும் ஒன்றோடொன்று மோத, இடையறாது நகர்ந்துகொண்டிருந்தது. அங்கே சென்றோர் கண்களெல்லாம் காலடியையும் கைப்பொருளையும் கண்டனவேயன்றி, தலைக்குமேல் பண்டைச் சிற்பியர் செதுக்கிவைத்த கொடிகளையும் கிளிகளையும் ஒருநாளும் கண்டதில்லை. நூல்நயம் தேர்ந்தவரே, நீரும் அப்படித்தான் நடந்திருப்பீர், மறுக்க வேண்டா.

கண்டவள் ஒருத்தி இருந்தாள். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதி மாட்டுவது அவள் தொழில். எந்நேரமும் முகடுகளை நோக்கியே நடந்து, கல் தடுக்கியும் சேற்றில் கால்வைத்தும் அவள் வருவதைக் கண்ட தெருவார், 'அண்ணாந்தாள்' என்று பட்டம்சூட்டி நகைத்தனர். அவளோ அதனைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

அன்று அவளும் அவள் கொழுந்தனும், தெருமுனைப் பழைய மாளிகையைப் புதிதாக வாங்கிய துணிவணிகரின் பலகையைச் சுமந்துவந்தனர். பட்டறைக்கு வாய்த்த முதற் பெருவேலை அது. நிலைத்தால் மழைக்காலம் முழுதும் அடுப்பெரியும், நழுவினால் பட்டறையையே பூட்ட நேரும். அம்மாளிகையின் மேற்றளத்தில், முன்கால் ஊன்றி வாய்பிளந்து முழங்கும் கல் அரிமாக்கள் வரிசையாய் அமர்ந்திருக்க, கடைசி அரிமா மட்டும் இமைமூடி, முன்காலின்மேல் தாடை சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தது. யாரோ ஒரு குறும்புக்காரச் சிற்பி அதற்கு அளித்த ஓய்வு அது. நெடுநாளாய் அதனைக் கண்டு களித்தவள், அந்தக் களிப்பிலேயே பிழைசெய்தாள்.

"இன்னும் மேல ஏத்தும்மா" என்றார் வணிகர், ஏணிமேல் நின்றவளை நோக்கி.

"அங்க ஒரு சிங்கம் தூங்குதுங்க, அவ்வளவு அழகு! ஒரு முழம் கீழ மாட்டிடறேன்."

"தூங்குதா? தூங்குனவன் கன்னு கடாக்கன்னுன்னு சொல்லுவாங்க, தூங்கினா நட்டம்தான். கடை வாசல்லயே ஒண்ணு தூங்கினா வியாபாரம் விளங்குமா? முதல்ல அதை உடை!"

தன் வாயாலேயே அதற்குக் கேடு தேடிவிட்டோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். ஏணியினின்று இறங்கி, ஆணிக்குத் துளையிடக் கொண்டுவந்த உளியைத் துணியில் சுற்றினாள்.

"நான் உடைக்க மாட்டேங்க."

"அப்போ உனக்கு வேலையும் இல்ல. கல்லுடைக்கிற ஆளை வரச்சொல்றேன். என் கட்டடம், என் சிங்கம்!"

"அண்ணி, ஒரு கல்லுக்காக நம்ம சோத்துல நாமளே மண்ணைப் போடலாமா?" என்று கொழுந்தன் கெஞ்சினான்.

"அதை உடைச்ச கையால சாப்பிட்டா எனக்குச் சோறு இறங்காதுடா."

அவ்வளவுதான். வீடு திரும்பாமல் தெருநடுவே சென்று நின்று, இடுப்பில் கைவைத்து, கடைசி அரிமாவை அண்ணாந்து நோக்கினாள். எவரையும் அழைத்தாளில்லை. ஆனால் ஒருவர் மேலே நோக்கினால் அடுத்தவர் கழுத்து சும்மா இருக்குமோ? முதலில் ஒரு சுமையாள் மூட்டையை இறக்கிவைத்து நோக்கினான்.

"அட, தூங்குதுய்யா! நம்ம எல்லாருக்கும் சேத்துத் தூங்குது போல!"

அவன் நகைப்பொலி கேட்டுப் பத்துப்பேர் நின்றனர். பத்துப்பேரைக் கண்டு தெருவே நின்றது. வணிகர் சினந்து வெளியே வந்தார்.

"இங்க என்ன வேடிக்கை? எல்லாரும் போங்க!"

"கட்டடம் உங்களதுதாங்க" என்றாள் அவள், பார்வையை இறக்காமலே. "தலையைத் தூக்கிப் பாக்கறதுக்குக்கூட உங்ககிட்ட கேக்கணுமா?"

கல்லுடைப்போன் வந்தான், ஏணியில் ஏறினான், உளியை அரிமாவின் நெற்றியில் வைத்துச் சுத்தியலை ஓங்கினான். கீழே கூட்டம் இன்னும் நெருங்கிவந்தது. திரும்பிப் பார்த்தவன், அண்ணாந்த முகங்களை நெடிது நோக்கி, ஓங்கிய கையைத் தாழ்த்தி இறங்கிவந்தான்.

"இத்தனை பேர் பாக்கறப்போ தூங்கறதை அடிக்க என்னால ஆகாதுங்க."

உடைக்க வணிகருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. பலகையை மறுநாள் வேறொருவன் மாட்டினான், ஒரு முழம் கீழே, சற்றே கோணலாக. அவ்வேலை அவளுக்கு வாய்க்கவில்லை. அம்மழைக்காலம் அவள் வீட்டில் பலநாள் அரைவயிற்றுக்கே அடுப்பெரிந்தது. பட்டறைக் கதவு மட்டும் பூட்டப்படவில்லை, அவள் கழுத்தும் குனியவில்லை. யார் கண்ணிலும் படாததை உடைத்தல் எளிது. ஊரே கண்டுவிட்ட ஒன்றன்முன் உளியும் நாணும். கடைசி அரிமா இன்றும் உறங்குகின்றது. அதனைக் காக்கத் தெருவே விழித்திருக்கின்றது.