சோலைமலையின் பதினோரு பேர்

சோலைமலை இறந்த பிறகும் அவனுடைய அணி சனிக்கிழமை தவறாமல் ஆடிக்கொண்டிருந்தது.

பிரேம்சிங்குக்குப் போடியில் ஏலக்காய் தரம் பிரிக்கும் கடை. சோலைமலை அவனுடைய சிநேகிதன். மலையேறும் மெட்டு ரோட்டில் எஸ்டேட் ஆட்களை ஏற்றி இறக்கும் ஜீப்பு டிரைவர். மலைமேல் கங்காணியாக இருக்கும் பாண்டித்துரையோடு இன்னும் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டு எல்லாரும் போனில் ஃபேன்டசி ஃபுட்பால் ஆடினார்கள். இங்கிலாந்தில் நிஜமாக ஆடுகிறவர்களில் பதினோரு பேரை ஆளாளுக்குப் பொறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். அங்கே அவர்கள் கோல் போட்டால் இங்கே புள்ளி ஏறும். கேப்டன் என்று குறித்தவனுக்கு இரட்டைப் புள்ளி. பந்தயம் கிடையாது. திங்கட்கிழமை டீக்கடையில் கடைசி ஆளைக் கிண்டலடிப்பதோடு சரி.

மற்றவர்கள் போன வாரம் யார் கோல் போட்டான் என்று பார்த்து ஆள் எடுப்பார்கள். சோலைமலை வேறு மாதிரி.

"ஆட்டக்காரனப் பாக்காத மாப்ளே, கோச்சப் பாரு. கோச்சு மாறுனா அதே ஆளு வேற ஆளாயிருவான்."

நவம்பரில் அவன் வெல்டரோ என்ற ஒருவனை வாங்கினான். பட்டியலில் டிபென்டர், அதாவது பின்னால் நின்று தடுக்கிறவன்; போனில் தரும் பொய்ப்பணத்தில் விலை ஆகக் குறைவு. மூன்று மாதமாக மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்தே இருந்த ஆள். அவனைப் போய்க் கேப்டனாகவும் போட்டான். டீக்கடையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"சிரிங்கடா. இப்ப இருக்குற கோச்ச அனுப்பப் போறாங்க. அடுத்து வர்றவன் போர்ச்சுகல்ல இதே வெல்டரோவ முன்னாடி ஆடவிட்டவன். முன்னாடி ஆடினாலும் பட்டியல்ல டிபென்டர்தான. முன்னாடி ஆடுறவன் கோல் போட்டா நாலு புள்ளி, டிபென்டர் போட்டா ஆறு."

அந்த வாரம் சனிக்கிழமை, பிரேம்சிங் கடைக்கு ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு தனியாக இறங்கிவந்த சோலைமலை, மேகம் கவிந்திருந்த ஒரு வளைவில் ஜீப்போடு பள்ளத்தில் போனான். போலீஸ் மேகமூட்டம் என்று எழுதிக்கொண்டது. பிரேம்சிங் பாடை தூக்கினான். வாயைத் திறக்கவில்லை.

இரண்டு வாரத்தில் அங்கே கோச்சை அனுப்பினார்கள். சோலைமலை சொன்னவனே புதிதாக வந்தான். முதல் ஆட்டத்திலேயே வெல்டரோவை முன்வரிசையில் இறக்கினான். இரண்டு கோல். அடுத்த ஆட்டத்தில் பெனால்டியும் அவனுக்கே. விலை வாராவாரம் ஏறியது. யாரும் தொடாத அணி அப்படியே அடுத்த வாரத்துக்குப் போகும் என்பதால், சோலைமலையின் பேர் ஒன்பதாம் இடத்திலிருந்து ஐந்துக்கு வந்தது, பிறகு மூன்றுக்கு.

பாண்டித்துரை மலைமேலிருந்து கூப்பிட்டான்.

"அண்ணே, செத்தவரு நம்மள முந்திட்டுப் போறாருண்ணே. பட்டியலத் தொறக்கவே கெதக்குங்குது. நீங்கதான ஆரம்பிச்சீக, அவரு பேர எடுத்துருங்கண்ணே."

எடுப்பதற்கு ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். பிரேம்சிங் போனைக் கையில் வைத்துக்கொண்டு கல்லாவில் உட்கார்ந்திருந்தான். விரல் போகவில்லை. ஏற்கெனவே ஒருமுறை அவனை எடுத்துவிட்டவன் தான்தானே என்று தோன்றியது.

அதன் பிறகு கடையில் போன் அடித்தால் அதைக் கவிழ்த்து வைத்தான். மனைவி ஸ்வீட்டி, "அடிச்சிட்டே இருக்கு, எடுங்களேன்," என்பாள். எடுக்க மாட்டான். வெல்டரோ கோல் போட்ட செய்தி வரும்போதெல்லாம், யாரோ மேலேயிருந்து அவனைப் பேர் சொல்லிக் கூப்பிடுவதுபோல் இருந்தது. ஜெபம் பண்ணக் கண்ணை மூடினால் மேகம்தான் தெரிந்தது.

பொங்கலுக்கு முந்தின சனிக்கிழமை சோலைமலை முதலிடத்துக்கு வந்தான். பிரேம்சிங் மறுநாள் மத்தியானம் சோலைமலையின் ஊரான சிலமலைக்குப் பஸ் ஏறினான்.

சோலைமலையின் மனைவி சந்திரவல்லி வாசலில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்கண்ணே" என்று முக்காலியைக் காட்டினாள். அவன் உட்காரவில்லை.

"சந்திரா, அன்னிக்கு நாந்தான் அவனுக்குப் போன் போட்டேன். வண்டி ஓட்டிட்டு வர்றான்னு தெரிஞ்சேதான் போட்டேன்."

"தெரியும்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அவரு போனு எங்கிட்டதான இருக்கு. கடைசியா உங்க பேருதான். நாலு நிமிசம். நீங்களா வந்து சொல்லுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்." மொச்சையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "நாலு நிமிசம் என்ன பேசுனீக?"

"பந்து வெளையாட்டப் பத்தி. கோச்சு மாறப் போறானாமே, நானும் வெல்டரோவ வாங்கவான்னு கேட்டேன். நாலரை மணிக்குள்ள மாத்தணும். அதான் வெரசாக் கேட்டுருவமேன்னு..."

அவள் கை நின்றது.

"அதுக்கா?"

அவன் தலை குனிந்தான்.

"வீட்டுல யாருக்கும் மேலுக்கு முடியலையோ, கடையில என்னமும் ஆயிருச்சோன்னு தெனம் ஒண்ணு நெனச்சுக்கிட்டேன். அதுக்கா அண்ணே?"

தெருவில் யாரோ சைக்கிளில் போனார்கள். அவள் மொச்சையை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"அவரு என்ன சொன்னாரு? அப்படியே சொல்லுங்க."

"வாங்கு மாப்ளே, பொங்கலுக்குள்ள நீயே எனக்கு டீ வாங்கிக் குடுப்பன்னு சிரிச்சான். அப்பறம் 'இரு'ன்னான். அவ்வளவுதான்."

"சிரிச்சாரா?"

"சிரிச்சான்."

இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னான். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு அவுக அண்ணன் வர்றாரு. அவருட்டயும் இதச் சொல்லணும். ஸ்டேசன்லயும் சொல்லணும்."

"சொல்றேன்."

"அப்பறம் இங்க வராதீக."

சொன்னபடியே செய்தான். சோலைமலையின் அண்ணன் முழுக்கக் கேட்டுவிட்டு, அடிக்கவும் இல்லை, வையவும் இல்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அடித்திருக்கலாம் என்று பிரேம்சிங்குக்கு இருந்தது. ஸ்டேஷனில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கூப்பிட்டால் வர வேண்டும் என்றார்கள். இதுவரை கூப்பிடவில்லை.

சித்திரையில் போடி பஸ் ஸ்டாண்டில் சந்திரவல்லியைப் பார்த்தான். பத்தடி தூரம்தான். அவளும் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அந்நேரம் மெட்டு ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஜீப்பு ஹாரன் அடித்தது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள்.