ரோட்டோர உளுந்து

ஞாயிற்றுக்கிழமையானால் கலியமூர்த்தி வெளிநாட்டில் தான் தங்கி வேலை பார்க்கும் மார்சிலிங்கிலிருந்து ரயிலேறி, தமிழர்கள் கூடும் தேக்கா கடைத்தெருவுக்கு வந்துவிடுவார். வானவில் போலச் சாயம் பூசிய அந்தப் பழைய வீடு முதுகுக்குப் பின்னால் தெரியும்படி நின்றுகொண்டுதான் ஊருக்கு வீடியோவில் பேசுவார். இன்று அந்தப் பேச்சு ஏச்சாகிவிட்டது.

உளுந்து பூக்கும்போது நுண்ணூட்டம் தெளிக்கச் சொல்லிச் சொல்லி அவருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றியிருந்தது. மனைவி தமிழரசியும் தெளித்துவிட்டதாகச் சொல்லி, வாராவாரம் பயிரைக் காட்டினாள். கரும்பச்சை இலை, கொத்துக்கொத்தாகக் காய். அறையில் உடன் தங்கியிருக்கும் பதினோரு பேரிடமும் அவர் பீற்றிக்கொண்டார். இன்று அவள் கை தவறி போன் திரும்பியபோதுதான் வயலின் நடுப்பகுதி தெரிந்தது. அங்கே இலையெல்லாம் மஞ்சள். காய் பேருக்குக்கூட இல்லை.

"நடுவுல ஏன்டி அடிக்கல?"

"ஆளு கெடைக்கலங்க. நான் ஒருத்தி டேங்கச் சுமந்துகிட்டு எவ்வளவுதான் நடப்பேன்? நாலு பேரு பாக்குற ரோட்டோரமா மட்டும் அடிச்சேன்."

கலியமூர்த்திக்குத் தலைக்கேறியது.

"நாலு பேரு பாக்குறதுக்கா உளுந்து வெதச்சோம்? உள்ள கெடக்குற லட்சணத்த மறைச்சு, நல்லத மட்டும் காட்டி என்னை ஏமாத்துறியா?"

அவர் போட்ட சத்தத்தில், அந்த வீட்டைப் படமெடுக்க வந்தவர்கள் தள்ளி நின்றார்கள்.

அவர் கத்தி முடித்ததும் தமிழரசி கேட்டாள்.

"ஏங்க, நீங்க படுக்குற எடத்த எனக்கு ஒரு நாளாவது காட்டியிருக்கீங்களா?"