சத்தம் போடுகிற கால்சட்டை

போன வருஷம் மலையில் ரக்னாவின் கம்பளிக் கால்சட்டை முழங்காலிலிருந்து தொடை வரை கிழிந்தது. கேட்டவர்களிடமெல்லாம் முள்ளில் மாட்டிக்கொண்டது என்றே சொல்லிவைத்தாள். அந்தத் தீவின் முட்செடிகளோடு பழகியவர்கள் யாரும் அதற்கு மேல் துருவவில்லை. இந்த வருஷம் ஆகஸ்ட் பிறந்து, மான் வேட்டைக்கு இரட்டைக்கொம்பு மலை ஏற வேண்டிய நாள் நெருங்கியபோது, அவளுக்குப் புதுக் கால்சட்டை வாங்கியே ஆக வேண்டும் என்று அவள் கணவன் ஆர்விட் ஒற்றைக்காலில் நின்றான்.

ஊருக்குத் தெரிந்தால் விடுமா? வருஷம் முழுக்க மழை கொட்டுகிற ஊரில் புதுக் கால்சட்டை என்றால் ஆளுக்கொரு யோசனை வைத்திருப்பார்கள். மீன் ஆலையில் அவளோடு வேலை செய்யும் பெண்கள் கம்பளிதான் என்றார்கள், நனைந்தாலும் சூடு விட்டுப்போகாதாம். தபால் நிலையத்தில் நின்றவர் ஈரக் கம்பளியைக் கட்டிக்கொண்டு ஏறுவதற்குப் பதில் ஒரு மானையே தோளில் போட்டுக்கொண்டு ஏறிவிடலாம் என்றார். ரப்பர் பூசியதைப் போட்டால் வெளி மழைக்குத் தப்பி உள்ளே வியர்வையில் நனைவாய் என்று இன்னொருவர் பயமுறுத்தினார். பாதிரியார் மட்டும், நீள உள்ளாடையும் அதன்மேல் ஓர் அரைக்கால்சட்டையும் போதும், தான் அப்படித்தான் ஏறுகிறேன் என்றார். அவர் அந்தப் பக்கம் போகும்வரை காத்திருந்து எல்லோரும் சிரித்தார்கள்.

ரக்னாவுக்கு இதிலெல்லாம் பெரிய அக்கறை கிடையாது. அவளுக்கு மலை வேண்டும், மலையில் ஆர்விட் வேண்டும். ஆண்டு முழுக்க அவன் படகில், அவள் மீன் ஆலையில். அந்தச் சில நாள்கள்தான் இரண்டு பேரும் சேர்ந்து இருப்பது, அதிலும் பேச்சே இருக்காது. அவன் முன்னால் போவான், அவள் பின்னால் வருவாள். அவன் திரும்பிப் பார்க்க மாட்டான். அவள் காலடிச் சத்தத்தை வைத்தே அவளுக்கு இளைக்கிறதா, பசிக்கிறதா, தன்மேல் கோபமாக இருக்கிறாளா என்று கண்டுபிடித்துவிடுவான். அவள் கேட்பதற்குச் சற்று முன்னாலேயே ஒரு பாறையைப் பார்த்து நின்றுவிடுவான். கல்யாணமான புதிதில் அது அவளுக்கு மந்திரம் போலிருந்தது. பிள்ளைகள் வளர்ந்து வேறு ஊர்களுக்குப் போன பிறகும் அந்த ஆச்சரியம் அவளுக்குத் தீரவில்லை.

டெல்பர்ட்டின் கடைக்கு இருவரும் போனார்கள். தூண்டில், கயிறு, பெயின்ட், பன்றி இறைச்சி டின், எல்லாம் விற்கும் கடை. வேட்டைக் கால்சட்டை வாங்க அங்கே ஒரு முறை உண்டு. போட்டுப் பார்ப்பவர் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு பின்கட்டுச் சந்தில் நடக்க வேண்டும். கூட வந்தவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். துணி உரசும் சத்தம் அவர் காதில் விழுந்தால் மான் காதிலும் விழும், அந்தக் கால்சட்டை மறுபடி அலமாரிக்குப் போய்விடும். ஊரிலேயே கூர்மையான காது ஆர்விட்டுடையது என்று பெயர். தங்களுக்கு வாங்கும்போதுகூடச் சிலர் அவனைக் கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போவார்கள்.

முதலாவது கம்பளி. பூனை நடப்பது போலிருந்தது. ஆனால் கையில் வாங்கிப் பார்த்த ஆர்விட், காய்ந்திருக்கும்போதே இந்தக் கனம் என்றால் மழையில் என்ன ஆகும் என்று தள்ளிவிட்டான். இரண்டாவது, மேலே பஞ்சு போல் மிருதுவானது. அதில் டெல்பர்ட் தெளித்த தண்ணீர் உருளாமல் உள்ளே இறங்கிவிட்டது. மழையைவிட ஈரப் புதர்தான் ஆளை நனைக்கும், இதெல்லாம் புதருக்கு நிற்காது என்று அதையும் தள்ளினான். மூன்றாவது, இழுத்தால் நீளும் மெல்லிய துணி. நனையும்தான், ஆனால் நடக்கும்போதே காய்ந்துவிடும். முழங்காலை மடக்க வசதி, எடையும் குறைவு. ரக்னாவுக்கு அது பிடித்துப்போயிற்று. பெயின்ட் டப்பாக்கள் வரை போய்த் திரும்பி வந்தாள். துணி லேசாக முணுமுணுத்தது.

சுவரைப் பார்த்தபடி ஆர்விட் கேட்டான்: "நடக்க ஆரம்பிச்சியா இல்லையா?"

டெல்பர்ட் கடகடவென்று சிரித்தான். ஆர்விட்டின் காதையே ஏமாற்றிய கால்சட்டை என்று எழுதி வாசலில் தொங்கவிடலாம் என்றான். ரக்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. முணுமுணுப்பு அவள் காதில் விழுந்தது, டெல்பர்ட் காதிலும் விழுந்திருக்கும். இதை ஆர்விட் முன்பெல்லாம் கடை வாசலில் நின்றே பிடித்திருப்பான்.

நான்காவதை டெல்பர்ட் எடுத்துக் காட்டக்கூட இல்லை, அது கீழே கிடந்தது. ஆர்விட்தான் கேட்டு வாங்கினான். இறுக்கமாக நெய்த, காகிதம் போல் மெல்லிய துணி. எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. பூட்ஸைக் கழற்றாமலே மாட்டிக்கொள்ளப் பக்கத்தில் இடுப்பு வரை ஜிப் இருந்தது. தண்ணீரைத் தெளித்தால் முத்து முத்தாக உருண்டு ஓடியது. எல்லாம் சரிதான், ஆனால் ரக்னா ஓர் அடி வைத்ததுமே சிப்ஸ் பாக்கெட்டைக் கசக்குகிற மாதிரி சரக் சரக் என்று கடையே அதிர்ந்தது. டெல்பர்ட் முகத்தைச் சுளித்தான்.

ஆர்விட் கண்ணைத் திறந்து திரும்பினான். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "இதுதான். இதையே எடு," என்றான்.

டெல்பர்ட் வாயைத் திறப்பதற்குள் ரக்னா அவனைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு கால்சட்டையை மடித்தான்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவளுக்கு மனசு அடித்துக்கொண்டது. இந்தச் சத்தமே கேட்கவில்லை என்றால் இவனுக்கு என்னதான் கேட்கிறது? காலமெல்லாம் டீசல் இன்ஜினுக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காது போகாமல் என்ன செய்யும்? போன வருஷ மூடுபனியில் அவள் வழுக்கி ஓடைச் சரிவில் விழுந்து அவன் பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்தான், வெகுநேரம் கழித்துத்தான் திரும்பி வந்தான். காற்று அப்படி, பாவம் அவன் என்ன செய்வான் என்று அன்று சமாதானம் செய்துகொண்டாள். கால்சட்டை கிழிந்தது அங்கேதான். தான் கத்தியதை அவனிடம்கூடச் சொன்னதில்லை.

இப்போதும் சொல்ல முடியாது. சொன்னால் மலை அதோடு போய்விடும். காது போனவன் காட்டில் துப்பாக்கி தூக்கக் கூடாது, எந்தப் பக்கத்தில் யார் வருகிறார்கள் என்று தெரியாமல் சுட்டுவிடுவான், தனக்கு அந்த நாள் வந்தால் அன்றே இறக்கி வைத்துவிடுவேன் என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னவன் அவன். சொன்னால் செய்வான். பிறகு ஆகஸ்டில் இருவரும் சமையலறை ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டு காபி குடிக்க வேண்டியதுதான். அதை நினைக்கவே அவளுக்கு அழுகை வந்தது.

அவன் படகுக்குப் போயிருந்தபோது அவள் கிழிந்த கம்பளிக் கால்சட்டையை எடுத்துப் பட்டை பட்டையாக வெட்டினாள். புதியதன் இரண்டு கால்களும் உரசிக்கொள்கிற இடம் முழுக்க, தொடையிலிருந்து கெண்டைக்கால் வரை, வைத்துத் தைத்தாள். மடிப்பில் தண்ணீர் ஏறாமலிருக்கத் தையல்மேல் மெழுகும் தேய்த்தாள். போட்டுக்கொண்டு சமையலறையில் நடந்து பார்த்தாள், சத்தம் போன இடம் தெரியவில்லை. மானும் ஓடாது, ஊரும் சிரிக்காது, இவனுக்கும் தெரியப்போவதில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டு ஒரு துண்டு கேக் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

கிளம்பும் காலையில் படகில் ஒரு துப்பாக்கிதான் இருந்தது, அவளுடையது. இரண்டு எதற்கு, எடையைக் குறைக்கலாமே என்றான் ஆர்விட். கால்சட்டையில் பிடித்த எடைப் பைத்தியம் இன்னும் விடவில்லை என்று கேலி செய்துவிட்டு அவள் ஏறி உட்கார்ந்தாள்.

மலை அடிவாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. இடுப்பளவு புதரில் நீந்துவது போல் போனார்கள். புதுத் துணி சொன்னபடி நடந்துகொண்டது, தண்ணீர் மேலே நிற்கவே இல்லை, உள்ளாடை காய்ந்த மாதிரியே இருந்தது. ஆர்விட்தான் சரியாக இல்லை. நாலு அடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். பாசி படிந்த மரத்தடியைத் தாண்டும்போதும் திரும்பினான், வேர் வழுக்கும் இடத்திலும் திரும்பினான். கடைசியில் அப்படித் திரும்பும்போதே கால் இடறிச் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தான்.

ரக்னா ஓடிப்போய்க் கை கொடுத்தாள். பயத்தில் கோபம் வந்தது.

"எதுக்கு இப்படித் திரும்பித் திரும்பிப் பாக்குற? நான் என்ன ஓடியா போயிடுவேன்?"

அவன் எழுந்திருக்கவில்லை. சேற்றில் உட்கார்ந்தபடியே அவள் கால்களைப் பார்த்தான். கையை நீட்டித் தொடையில் இருந்த கம்பளிப் பட்டையைத் தடவினான்.

"பேண்டை என்ன பண்ணி வச்சிருக்க?"

"சும்மா... கொஞ்சம் சத்தம் போட்டுச்சு. அதான் ஒட்டுப் போட்டேன்."

ஆர்விட் இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தான். அவளைப் பக்கத்துப் பாறையில் உட்காரச் சொல்லி, முன்னால் மண்டியிட்டு, மானின் தோலை உரிக்கிற அதே பொறுமையோடு ஒவ்வொரு தையலாக வெட்ட ஆரம்பித்தான். வேண்டாம், மான் ஓடிவிடும் என்று அவள் கையைப் பிடித்தாள். அவன் நிறுத்தவில்லை. தலையைக் குனிந்துகொண்டே பேசினான்.

"போன வருஷம் நீ விழுந்தப்போ, எதேச்சையாத்தான் திரும்பினேன். மூடுபனி கொஞ்சம் விலகிச்சு. நீ கீழ கிடந்த. உன் வாய் அசைஞ்சுது, ரக்னா. என் பேரைத்தான் சொல்ற, எனக்குத் தெரியுது. சத்தம் வரல."

ஒரு வருஷமாக அவளிடமிருந்து அவனும், அவனிடமிருந்து அவளும் ஒரே விஷயத்தை ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

"கடையில மூணு பேண்டுக்கும் நீ நடந்தியா நின்னியான்னே தெரியல," என்றான். "நாலாவதுதான் கேட்டுச்சு. நீ வர்றது கேட்டுச்சு. அதுக்காகத்தான் வாங்கினேன், நீ பாட்டுக்கு அதோட வாயைக் கட்டி வச்சுட்டே."

"கிழவா, என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? நான் முன்னாடி போறேன், நீ என்னைப் பாத்துக்கிட்டே வா."

"மூடுபனி இறங்கினா முன்னாடி போனாலும் தெரிய மாட்டே. கரடி நின்னா அது மொதல்ல என்னைப் பாக்கட்டும்."

துப்பாக்கியைப் பற்றி அவள் கேட்கவில்லை. எடைக்காக இல்லை என்று இப்போது விளங்கிவிட்டது. சொன்ன சொல்லைக் காப்பாற்றி அவன் எப்போதோ இறக்கி வைத்துவிட்டான். வேட்டைக்கு வரவில்லை, அவளுக்கு முன்னால் நடப்பதற்காக வந்திருக்கிறான். அவன் நரைத்த தலையில் மழை வழிந்துகொண்டிருந்தது. அவள் தன் தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"இந்தச் சத்தத்துக்கு ஒரு மானும் நிக்காதே, ஆர்விட்."

"மான் ஓடினா அடுத்த மலையில நிக்கும். நீ விழுந்தா நான் எங்க போய்த் தேடுவேன்?"

கடைசிப் பட்டையும் உரிந்து வந்தது. அவன் அதைச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினான். ரக்னா கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். சரக் சரக் என்று காடே திரும்பிப் பார்க்கிற மாதிரி சத்தம். சிறு வயதிலிருந்து சுள்ளி முறியாமல் கால் வைக்கப் பழகியவளுக்கு முதலில் உடம்பு கூசியது. கொஞ்சத் தூரம் போனதும் சோதித்துப் பார்க்கத் தோன்றிச் சட்டென்று நின்றாள். முன்னால் போனவனும் நின்றான். மறுபடி அவள் காலெடுத்து வைத்ததும் அவனும் காலெடுத்து வைத்தான்.

உச்சிக்குக் கீழே புல்வெளி தொடங்கும் இடத்தில் நல்ல கொம்புள்ள மான் ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறைந்தது. இரண்டு பேருமே அதைப் பார்த்தார்கள். அப்போதுதான் மூடுபனி இறங்கியது. அவன் முதுகு மங்கிக்கொண்டே போயிற்று. ரக்னா பயப்படவில்லை. தொடைகள் நன்றாக உரசும்படி காலை எட்டி எட்டி வைத்து, எவ்வளவு சத்தம் போட முடியுமோ அவ்வளவும் போட்டுக்கொண்டு ஏறினாள். அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியபோது, கேட்பதற்குச் சற்று முன்னாலேயே, பழையபடி ஒரு பாறையருகில் அவன் நின்றுகொண்டிருந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.