ஏழாவது விலா எலும்பு

டொக்டர் பாலாம்பிகையின் இடப்பக்க ஏழாவது விலா எலும்பு கல்லூரிக்கே பொதுச் சொத்து. அதற்குக் கீழே, விரல் நுனியளவுக்கு ஓர் இறுக்கம் பத்தொன்பது வருடமாக இருந்தது. கணவர் இறந்த வருடம் வந்து உட்கார்ந்தது. மூச்சை ஆழமாக இழுத்தால் அந்த இடத்தில் பாதியில் நின்றுவிடும்.

யாழ்ப்பாணத்தில் வைத்தியராக இருந்தவள் அவள். மொன்றியலுக்கு வந்து மறுபடி முதலிலிருந்து படித்தாள். எலும்பையும் தசையையும் கையாலேயே தொட்டறிந்து சரிசெய்யும் ஒஸ்டியோபதியைக் கற்று, அஹுன்ட்சிக்கில் ஒரு சிறிய கல்லூரியில் பதினான்கு வருடமாகக் கற்பித்தாள். இறுதிப் பரீட்சைக்கு நோயாளியாக அவளே மேசையில் படுப்பாள். மாணவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, எங்கே இறுக்கம் என்று சொல்ல வேண்டும். அப்படித் தேறிய இருநூறு பேர் கியூபெக் முழுக்க முதுகு நீவிக்கொண்டிருந்தார்கள்.

சரிசெய்துவிடட்டுமா என்று சக ஆசிரியர்கள் கேட்டால், பரீட்சைக்கு வேணும் என்பாள். உண்மை வேறு. அது போன மனிசனுடைய இடம் என்று அவள் நினைத்திருந்தாள்.

2006 ஜூனில், ஓய்வு பெறுவதற்கு முன் கடைசிப் பரீட்சை வந்தது. அன்று பரீட்சை அவளுக்கும் இருந்தது. உடற்கூறு கற்பிக்கும் அருமைநாதன், அறுபது வயதுப் பிரமச்சாரி, போன ஞாயிறு ரொக்ஸ்பரோ ரயில் நிலையத்தில் வைத்து, கல்யாணம் செய்வமோ என்று கேட்டுவிட்டார். ரயில் வந்து கதவும் திறந்த பிறகு கேட்கிற கேள்வியா அது? வெள்ளிக்கிழமை பரீட்சை முடியச் சொல்லுறன் என்று ஏறியவள், பெட்டி முழுக்க இருக்கை காலியாக இருந்தும் கடைசிவரை நின்றுகொண்டே போனாள். அதன் பிறகு கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். தெருமுனை டெப்பனேர்க் கடைக்குப் பால் வாங்கப் போய்ப் பூச்செடியோடு திரும்பினாள். ஆனாலும் மாட்டன் என்று சொல்வதாகத்தான் முடிவு. விலாவில் ஒருவரை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு எப்படி ஓம் சொல்வது?

பரீட்சை தொடங்கியது. அருமைநாதன் மூலையில் புள்ளித்தாளோடு இருந்தார். அவளைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாடு அறை முழுக்கத் தெரிந்தது. பதினாலு பேர் வரிசையாக வந்து, தொட்டு, இடப்பக்கம் ஏழாவது என்றார்கள். சிலர் கை படுமுன்பே சொன்னார்கள். பாலாம்பிகைக்குப் பெருமை தாங்கவில்லை.

பதினைந்தாவதாக வந்தவள் நிருஷா. டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டே படித்தவள். வைத்த கையை நெடுநேரம் எடுக்கவில்லை. பரீட்சை பிரெஞ்சில் என்பதையும் மறந்து தமிழில் சொன்னாள்.

“டொக்டர், இங்க ஒண்டும் இல்லை.”

“வடிவாப் பார் பிள்ளை.”

“ஏழாவது எண்டு போன வருசத்து ஆக்கள் எங்கள் எல்லாருக்கும் சொல்லித்தான் விட்டவை. ஆனா என்ர கை இல்லை எண்டுது. நான் ஃபெயிலோ?”

பாலாம்பிகைக்கு ஒரு கணம் மேசை நழுவியது போல இருந்தது. அருமைநாதனைக் கூப்பிட்டாள். அவர் கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, விலாவில் வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார். இழுத்தாள். மூச்சு எங்கும் நிற்காமல் போனது. போய்க்கொண்டே இருந்தது.

“காணேல்லை,” என்றார் அவர்.

போன வெள்ளி மூச்சு தடுக்கியது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. ஞாயிறுக்குப் பிறகு அதை நினைக்கவே நேரம் இருக்கவில்லை. போன மனிசன் கோபித்துக்கொண்டு போய்விட்டாரோ? இல்லை, கோபமென்றால் கதவை அடித்துச் சாத்திவிட்டுப் போகிற ஆள் அவர். இப்படிச் சத்தமில்லாமல் போனார் என்றால் சந்தோசமாகத்தான் போயிருக்கிறார்.

நிருஷா ஒருத்திதான் பாஸ், மற்றப் பதினாலு பேரும் திங்கட்கிழமை திரும்ப வரவேண்டும் என்று சொல்லி அவளை அனுப்பினாள். கதவு மூடியது.

“திங்கள் ஆர் படுக்கிறது? உங்களிட்ட இனி ஒண்டுமில்லையே,” என்றார் அருமைநாதன்.

“நீங்கள் படுங்கோ. வலப்பக்கம், இடுப்பில நாலாவது முள்ளெலும்பு.”

“நீங்கள் என்னைத் தொட்டுப் பாத்ததே இல்லையே.”

“நடக்கேக்க தெரியுது. அஞ்சு வருசமாப் பாத்துக்கொண்டுதானே இருக்கிறன்.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அவருக்குக் காது மடல்வரை சிவந்தது.

“அப்ப இதையே பதிலா எடுக்கட்டோ, அம்பிகை?”

“எலும்பிட்டப் பதில் வாங்காதேங்கோ. என்னட்டக் கேளுங்கோ.”

அவர் கேட்டார். அவள் ஓம் என்றாள். வெளியே பதினைந்து பேர் கதவில் காதை வைத்துக்கொண்டு நிற்பார்கள் என்பது தெரிந்தும், மேசை கிறீச்சிடச் சிரித்தாள்.