சேணக்காரன் இத்தெலின் வோட்டு

1

போன தேர்தலில் எங்கள் தெருவை ஒரு கட்சிக்காரரும் எட்டிப் பார்க்கவில்லை. இவர்கள் எப்படியும் நமக்குத்தான் போடுவார்கள் என்ற நினைப்பு. அந்தக் கடுப்பில் எழுத உட்கார்ந்த கதை இது. வேல்ஸில் இந்த ஊருக்கு வந்து இருபது வருஷமாகிறது. கோபப்பட எனக்கும் உரிமை உண்டு. ஆனால் என் கோபத்தை நானே சுமக்கக் கூச்சமாக இருந்ததால், இருநூற்றைம்பது வருஷம் பின்னால் போய், சேணம் தைக்கும் இத்தெலின் தலையில் கட்டிவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: அபர்ஹெலிக் பட்டணத்தில் அன்று மழை பெய்து—

(வேண்டாம். இங்கே என்றைக்குப் பெய்யவில்லை?)

இரண்டாவது தொடக்கம்: இத்தெலின் வீடு ஊர்ப் பிரபுவின் மாளிகைக்குச் சொந்தம். குத்தகைப் பத்திரத்தில் மூன்று பேரின் பெயர் உண்டு. மூவரில் ஒருவருக்காவது மூச்சு ஓடும்வரை வீடு அவர்களுடையது. அப்பா போய்விட்டார். அண்ணனைக் கடல் கொண்டுபோனது. மிச்சம் இத்தெலின் உயிர்தான், அவனுக்கோ நெஞ்சிருமல். அவன் கண்ணை மூடினால் மனைவி அங்காரட் தெருவில் நிற்க வேண்டும். அவள் பெயரைப் பத்திரத்தில் சேர்ப்பதும் சேர்க்காததும் மாளிகைக் காரியஸ்தர் ப்ரோபர்ட்டின் கையில் இருந்தது.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மாளிகைப் பிரபுவின் அண்ணன் மகன் லாங்ஃபர்ட் தேர்தலில் நின்றார். எதிர்த்து நின்றவர் கப்பல்காரர் பென்ரி. வோட்டு உள்ளவர்கள் மொத்தம் எழுபது பேர். லாங்ஃபர்டுக்கு வோட்டுக் கேட்டு ப்ரோபர்ட் வீடு வீடாக ஏறி இறங்கினார். இத்தெலின் வாசலை மட்டும் தாண்டிப் போய்விட்டார். குத்தகைக்காரனிடம் போய்க் கேட்பானேன்? ஆனால் பென்ரி வந்தார்.

"இத்தெல், உங்க வோட்டு எனக்கு வேணும்."

இத்தெல் வோட்டுத் தருவதாகக் கை கொடுத்துவிட்டான். முதலில் கேட்டவருக்குக் கை கொடுத்தால் கொடுத்ததுதான், இந்த ஊரில்.

(முதல் வரைவில் அங்காரட் இங்கே ஒப்பாரி வைத்தாள். அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை. பெண்களை அழவிட்டால் எனக்கு வேலை சுலபம், அவ்வளவுதான்.)

"ஏய்யா, அந்தாளு கேட்டாருன்னு குடுத்துட்டியா?"

"வீட்டுக்கு வந்து கேட்டாரே."

"நானும்தான் கேக்குறேன். எனக்கு ஒரு கூரை வேணும். குடு."

[இத்தெல் இங்கே ஏதாவது சொல்ல வேண்டும். மூன்று நாள் யோசித்தேன். அவனோ தொப்பியைக் கழற்றி ஆணியில் மாட்டுகிறான்.]

"பெரிய ராஜாவாட்டம் கைய நீட்டிட்டு வந்திருக்க," என்றாள் அங்காரட். "உக்காரு. கஞ்சி ஆறுது."

அவனை அவளுக்குப் பிடிக்கும். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

4

வோட்டுப் போடுவது நகர மன்றத்தில், எல்லார் முன்னாலும், வாய் திறந்து. இத்தெல் படியேறும்போதே ப்ரோபர்ட் குரல் கொடுத்தார்:

"இவனுக்கு எதுக்கு நேரம்? நம்ம ஆளு. லாங்ஃபர்ட்னு எழுதிக்கோங்க."

எழுத்தர் இறகுப் பேனாவை மையில் தோய்த்தார்.

முடிவு ஒன்று: இத்தெல் தலையாட்டுகிறான். அங்காரட்டுக்கு ஆயுசுக்கும் வீடு. ஆனால் அன்றிலிருந்து பென்ரியைத் தெருவில் கண்டால் அவன்—

முடிவு இரண்டு: "பென்ரி" என்கிறான். கூட்டம் அவனைத் தோளில் தூக்குகிறது. மூன்றே குளிர்காலத்தில் அவன் கண்ணை மூடுகிறான், அங்காரட் மூட்டையோடு—

இரண்டையும் முடிக்க மனசு வரவில்லை. அதற்குள் இத்தெலே பேசிவிட்டான்.

"ஐயா, இறகைக் கீழ வைங்க. மொதல்ல என்னைக் கேளுங்க."

கூட்டத்தின் ஓரத்தில் அங்காரட் வாயைப் பொத்திக்கொண்டாள். எழுத்தர் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தார்.

"சொல்லுங்க. உங்க வோட்டு யாருக்கு?"

இத்தெல் சொன்னான்.

என்ன பெயர் என்று நான் எழுதப்போவதில்லை. அவனைக் கேட்காமல் அவன் வாயில் பெயரைத் திணிக்க ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார். வேண்டுமானால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். ஆனால் அங்காரட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.