மேல்வரிசைப் பல்

குழந்தைகளுக்கு ஆங்கிலச் சொல் கற்றுக்கொடுக்கும் பட அட்டைகளைப் போடுகிற கம்பெனியில் எனக்குப் பிழை திருத்தும் வேலை. அந்த மாதத்துப் பெட்டி, விலங்குகளும் அவற்றின் உறுப்புகளும். கொம்புக்கு ஹார்ன், குளம்புக்கு ஹூஃப், மடிக்கு அடர் என்று உறுப்புக்கு ஓர் அம்புக்குறி, அம்பின் வாலில் ஒரு சொல். இந்தப் பெட்டி ஒழுங்காகப் போனால் வெள்ளிக்கிழமை வேலையை நிரந்தரமாக்குவதாக எடிட்டர் சொல்லியிருந்தார். எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அந்த வெள்ளிக்கிழமைக்காக ஆறு மாதம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன்.

அம்மா மாட்டுப் பண்ணையில் பால் கறக்கிறாள். ஆபீசில் கேட்டவர்களிடம், பால் கம்பெனியில் இருக்கிறார் என்று சொல்லிவைத்திருந்தேன். பொய் இல்லை. உண்மையும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மாலை அட்டைகளைக் கொண்டுவந்து தரையில் பரப்பினேன். வேலை முடிந்து வந்த அம்மா கையைத் துடைத்துக்கொண்டே குனிந்து பார்த்தாள். பசு வாயைத் திறந்து சிரித்தது. முன்பக்கம் மேல்வரிசையில் எட்டுப் பல். அதை நோக்கி, டீத் என்று ஓர் அம்பு.

"என்னடி இது, பல்செட்டு கட்டின மாடா இருக்கு?"

மாட்டுக்கு முன்பக்கம் மேல்பல்லே கிடையாதாம், தடித்த ஈறு மட்டும்தானாம். மருந்து புகட்டும்போதெல்லாம் தொட்டுப் பார்க்கிற வாய் என்றாள். எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"படிச்சவங்க வரைஞ்சதும்மா. நீ சும்மா இரு."

அம்மா சும்மா இருந்தாள். நிமிர்ந்து அடுப்படிக்குப் போனாள். பள்ளிக்கூட ஆபீசிலும் ஆஸ்பத்திரி வரிசையிலும் இதே வார்த்தையை எத்தனையோ பேர் அவளிடம் சொல்லி நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பல்லைக் கடித்திருக்கிறேன். இப்போது என் வாயிலிருந்தே வந்துவிட்டது. இதற்கா அவள் என்னைப் படிக்க வைத்தாள்?

மறுநாள் ஆபீஸ் அலமாரியில் இருந்த கால்நடைப் புத்தகத்தைப் புரட்டினேன். அம்மா சொன்னது அப்படியே அச்சில் இருந்தது. குதிரைப் படத்தைப் பார்த்து வாயை வரைந்ததாக ஓவியர் தலையைச் சொறிந்தார்.

எங்கள் ஆபீசில் திருத்தம் என்றால் ஒரு சிவப்புச் சீட்டு உண்டு. பிழை, திருத்தம், ஆதாரம் என்று மூன்று கட்டம். மூன்றாவது கட்டத்தில் எப்போதும் ஒரு புத்தகத்தின் பெயர்தான் இருக்கும். நான் எழுதினேன்: என் அம்மா, மாட்டுப் பண்ணையில் பால் கறப்பவர். அதற்குக் கீழே புத்தகத்தின் பெயர், பக்க எண்.

எடிட்டர் கூப்பிட்டார். திருத்தம் சரிதானாம். முதல் வரியை மட்டும் அடித்துவிடச் சொன்னார்.

"இது ஆபீஸ் பேப்பர்மா. நாலு பேர் பார்ப்பாங்க."

"பார்க்கட்டும் சார். புத்தகத்தை நான் அப்புறம்தான் பார்த்தேன். கண்டுபிடிச்சது அவங்க."

பேனாவை நீட்டினார். நான் வாங்கவில்லை. அவரே அடித்திருக்கலாம், ஏனோ அடிக்கவில்லை. சீட்டு அப்படியே அச்சகத்துக்குப் போனது.

வெள்ளிக்கிழமை வந்த கடிதத்தில், ஆபீஸ் நடைமுறை இன்னும் எனக்குப் பிடிபடவில்லை, தகுதிகாண் காலம் மேலும் மூன்று மாதம் என்றிருந்தது. பஸ்ஸில் இரண்டு தடவை படித்தேன். கோபம் வந்தது. வருத்தம் வரவில்லை, தேடிப் பார்த்தேன்.

அம்மா மூன்று நாளாக அட்டைகள் பக்கமே திரும்பவில்லை. கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். சிவப்புச் சீட்டில் நான் எழுதியதையும் சொன்னேன்.

"அந்த மாட்டுக்குப் பல்லைப் பிடுங்கியாச்சா?"

"பிடுங்கியாச்சும்மா. வாயை மூடிட்டு நிக்குது."

"மூடிட்டா நிக்குது? பாவம்" என்றாள். பிறகு பெட்டியை இழுத்து, ஆட்டின் அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். நான் பென்சிலோடு அருகில் உட்கார்ந்தேன்.