முறைத் தண்ணீர்

அம்சவல்லி அணைப் பாலத்தின் கைப்பிடிக் கம்பியின் மேல் எக்கிக் குனிந்தாள். கொழுந்தன் சாமிதுரை அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"விடு தம்பி. அவரு சட்டை தெரியுது."

"அது ஆகாயத்தாமரை அண்ணி."

காலையில் அணையின் படித்துறையில் புதுத் தாலிக்கயிறு கட்டிக்கொண்டு, பழையதைக் கழற்றி ஆற்றில் விட்டாள். அதிலிருந்த தாலிப் பொட்டை உருவிப் புதுக்கயிற்றில் கோக்க மறந்திருந்தாள். "ஐயோ, பொட்டு" என்றாள். அவள் புருஷன் வீரையன் குதித்தான். தண்ணீர் அவனை மதகுப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது.

மீன்பிடிக்கிறவர்கள் இடுப்பில் கயிறு கட்டி இறங்கிப் பார்த்துவிட்டு ஏறிவிட்டார்கள். இந்த இழுப்பில் முடியாது என்றார்கள். உடம்பு மதகின் ஷட்டரோடு ஒட்டிக் கிடக்கும் என்றார்கள்.

மதகு இயக்கும் லஸ்கர் இராஜாங்கம் ஆபீசிலிருந்து வந்தார்.

"ஷட்டரை இறக்கினா இழுப்பு நின்னுடும். எடுத்துடலாம். ஆனா இது உங்க வாய்க்கால் முறை. வெள்ளிக்கிழமை வரைக்கும் ஓடணும். இப்ப நிறுத்தினா அடுத்த வாய்க்காலுக்குத் திருப்பிடுவாங்க. அவங்களும் காஞ்சுதான் கிடக்காங்க. எஞ்சினியர் ஐயா உங்களக் கேட்டுட்டு வரச் சொன்னாரு."

"எங்க ஊருக்குத் தண்ணி போயிடுச்சா?"

"இன்னும் இல்லம்மா."

நாற்றங்கால் வெடித்துக் கிடந்தது. சங்கக் கொடி பிடித்து, கோர்ட்டுக்கு அலைந்து, போன வருடம்தான் வீரையன் பேருக்குக் குத்தகை பதிவானது. தரிசாகக் கிடந்தால் மிராசுதார் பிடுங்கிக்கொள்வார். அவருடைய காரியக்காரர் நேற்றும் வரப்பில் நின்று சிரித்தார்: "உங்க ஆட்சிதானேடா? மந்திரிய வந்து தண்ணி ஊத்தச் சொல்லு."

"வெள்ளிக்கிழமை வரைக்கும் அவரு இங்கயே இருப்பாருங்களா?" என்று அம்சவல்லி கேட்டாள். "அடிச்சிக்கிட்டுப் போயிடாதுல்ல?"

லஸ்கர் தண்ணீரைப் பார்த்தார்.

"சொல்ல முடியாதும்மா."

சாமிதுரை குந்தி உட்கார்ந்து அழுதான். "இறக்கச் சொல்லுங்கண்ணி. நெலம் போனா போவட்டும்."

"போவட்டுமா? அப்ப அவரு எதுக்குடா லாக்கப்புல அடி வாங்குனாரு?"

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இறக்க வேணாங்க."

லஸ்கர் ஆபீசுக்குத் திரும்பிப் போனார்.

ஆடிப்பெருக்குக் கூட்டத்தோடு இன்னொரு பஸ் வந்து நின்றது. தூக்குவாளிகளோடு ஆட்கள் இறங்கிப் பாலத்துக்கு ஓடிவந்தார்கள். ஒரு பெண் அம்சவல்லியின் தோளைத் தொட்டாள்.

"கொஞ்சம் தள்ளிக்கிறீங்களாக்கா? தண்ணி விழறது தெரியல."

அம்சவல்லி தள்ளி நின்றாள்.